அறையில் ஓய்வெடுக்கவா அக்காவை அழைத்துப் போகிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 39, கோவையில் வேலை. அக்காவுக்கு 53. திருமணம் செய்துகொள்ளாமல் திண்டுக்கல்லில் அம்மாவுடன் இருக்கிறார். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவை எட்டு வருடம் அவர்தான் பார்த்துக்கொண்டார். போன வருடம் அப்பா காலமானார். நன்றிக்கடனாக அக்காவை நான்கு நாள் சிங்கப்பூர் அழைத்துப் போகிறேன். அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். காலையில் இறங்கியதும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா, மறுநாள் நைட் சஃபாரி என்ற இரவு விலங்குக் காட்சிச்சாலை என்று மணிவாரியாகத் திட்டம் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அங்கிருக்கும் பழைய சக ஊழியர்களைச் சந்திக்கிறேன். அக்காவுக்கு ஆங்கிலம் வராது, மூட்டுவலியும் உண்டு. அன்று அறையில் ஓய்வெடுப்பார். மாடித் தோட்டம் தவிர அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. அவர் மறக்க முடியாத பயணமாக இது அமைய வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: தம்பி, எதையும் சேர்க்க வேண்டாம். முதலில் அந்த மூன்றாம் நாளுக்கு வாருங்கள். 'அறையில் ஓய்வெடுப்பார்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அக்கா அப்படிச் சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அக்கா சொன்னதாக ஒரு வார்த்தைகூட இல்லை. எங்கே போக ஆசை என்று அவரைக் கேட்டதாகவும் இல்லை. எட்டு வருடம் ஒரு கட்டிலைச் சுற்றி நான்கு சுவருக்குள் இருந்தவரைக் கடல் தாண்டிக் கூட்டிப்போய் இன்னொரு நான்கு சுவருக்குள் உட்கார வைக்கப் போகிறீர்கள். பெற்றவர்களையோ மூத்தவர்களையோ வெளிநாடு அழைத்துப் போகிறேன் என்று எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றில் இந்த அறை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த எட்டு வருடத்தில் பாதி உங்கள் பங்கு. அதையும் சேர்த்து அவர் சுமந்தார். அந்தக் கணக்கு நான்கு நாளில் தீராது. தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்பி வந்தீர்கள் என்றால், போகாமல் இருப்பதே மேல்.

ஆங்கிலம் வராது என்கிறீர்கள். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. லிட்டில் இந்தியா என்ற இந்தியர் பகுதியில், சிராங்கூன் சாலையில் பூ விற்கிறவரிடமும் தேக்கா சந்தையில் தோசை போடுகிறவரிடமும் அக்கா தமிழிலேயே பேசலாம். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் துணையில்லாமல் சுற்றிவர ஒரு வெளிநாட்டு நகரம் வேண்டுமென்றால், இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு விடுதி லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இருக்கும் செந்தோசா தீவுப் பக்கம் அறை போட்டிருந்தால் மாற்றுங்கள். லிட்டில் இந்தியாவில் ஊதா, நீலம் என்று இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. ஊதாவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். 1827இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயில் அங்கேதான். நீலத்தில் ஒரு திசையில் மூன்றாவது நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ், மறுதிசையில் நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட், அதாவது கார்டன்ஸ் பை தி பே என்ற பெரிய பூங்கா. எங்கேயும் வண்டி மாற வேண்டியதில்லை. அக்கா நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது நிறமும் நிறுத்தத்தின் எண்ணிக்கையும்தான். எட்டு வருடம் மாத்திரை வேளை தவறாமல் பார்த்தவருக்கு இது பெரிய விஷயமா?

மாடித் தோட்டம் போடுகிறவரை அழைத்துப் போகிற திட்டத்தில் பொட்டானிக் கார்டன்ஸ் இல்லாதது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. 1859இல் தொடங்கிய தோட்டம், 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். ரயில் நிலையம் தோட்டத்தின் ஒரு கோடியில் இருப்பதால் ஆர்க்கிட் பகுதிக்கு நல்ல நடை இருக்கிறது. வெயில் ஏறுமுன் போய், வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கட்டும். யுனிவர்சல் ஸ்டூடியோஸை எடுத்துவிடுங்கள். மூட்டுவலிக்காரர் அங்கே பாதி விளையாட்டுகளில் ஏறவே முடியாது, வரிசையில் நின்றே கால் வீங்கிவிடும்.

முதல் நாள் திட்டமும் தவறு. இரவு விமானத்தில் சென்னையிலிருந்து நாலு மணி நேரம். அந்த ஊர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. இறங்கும்போது நம் உடம்புக்கு அது நடுராத்திரி தாண்டிய வேளை. அறையோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை விடுதியில் ஒப்படைத்துவிட்டு, தேக்கா சந்தையில் காலை உணவு, அருகில் வீரமாகாளியம்மன் கோயில். கோயில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே பார்த்துவிடுங்கள். பிறகு தூக்கம். மாலை பேஃபிரண்ட். 7.45க்கும் 8.45க்கும் அங்கே சூப்பர்ட்ரீ என்ற செயற்கை ராட்சத மரங்களில் நடக்கும் விளக்குக் காட்சி இலவசம். மறுநாள் நைட் சஃபாரி இருக்கட்டும். டிராமில் உட்கார்ந்தே பார்க்கலாம். கார்டன்ஸ் பை தி பேயில் இருக்கும் கிளவுட் ஃபாரஸ்ட் கண்ணாடிக் கூடத்துக்குப் போனால் லிஃப்டில் மேலே ஏறி நடந்து இறங்க வேண்டும். உள்ளே குளிரும், ஒரு சால்வை வேண்டும்.

அக்காவைத் தனியாக அனுப்ப ஒத்திகை தேவை. இரண்டாம் நாள் காலையில் பொட்டானிக் கார்டன்ஸுக்கு அவர் வழிநடத்தட்டும், நீங்கள் பின்னால் போங்கள். தவறான நடைமேடைக்குப் போனாலும் வாயைத் திறக்காதீர்கள். ஆளுக்கொரு ரயில் அட்டை வேண்டும். ஒரே அட்டையில் இருவர் நுழைய முடியாது. ஈஸி லிங்க் என்ற அந்த அட்டை 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதில் 5 வெள்ளி பயணத்துக்கு. வெளியே வரும்போதும் மறக்காமல் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதிகமாகப் பிடிப்பார்கள். எஸ்கலேட்டர் நம்மூரைவிட வேகம், இடதுபுறம் நிற்பது வழக்கம். சேலைக் கரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. ஒருவர் ஏறி மற்றவர் தவறவிட்டால், ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். இதை ஊரிலேயே பேசி வைத்துவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் பதற்றத்தில் மறந்துபோகும். அக்காவின் போனில் அவருக்கென்று தனி சிம், விடுதியின் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு கைப்பையில், செலவுக்கு 50 வெள்ளி சில்லறை நோட்டுகளாக. கணக்குக் கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலை அவரிடம் கேளுங்கள்: என்னோடு வருகிறாயா, தனியாகப் போகிறாயா, அறையில் இருக்கிறாயா என்று. வருகிறேன் என்றால் அழைத்துப் போங்கள். அக்காவைக் கூட்டி வந்தால் சங்கடப்படுகிற நண்பர்களைச் சந்தித்து என்ன ஆகப் போகிறது? அறையில் இருக்கிறேன் என்று அவரே சொன்னால் அது அவர் முடிவு.

ஆவண வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியர்களுக்கு விசா கட்டாயம், அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். அக்காவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன்பே பெயரை எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். பெயர் பொருந்தாமல் விமான நிலையத்தில் நிற்பது கொடுமை. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையைச் சிங்கப்பூர் அரசுத் தளத்தில் இருவருக்கும் நிரப்புங்கள். அது இலவசம், பணம் கேட்டால் அது போலித் தளம். பொடி, மசாலா எடுத்துப் போவதானால் கசகசா சேர்க்காதீர்கள், அங்கே அதற்குத் தடை.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்டது. அந்த நான்கு நாளும் அம்மாவோடு இருக்கப் போவது யார்? அதை ஏற்பாடு செய்ய வேண்டியது நீங்கள், அக்கா அல்ல. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனி, ஞாயிறு திண்டுக்கல் போய் அம்மாவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை எந்த வேளை, இரவில் எத்தனை முறை எழுகிறார், என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று உங்கள் கையால் எழுதி வையுங்கள். தங்கப் போகிறவரை அந்த ஞாயிற்றுக்கிழமையே வரவழைத்து, அதைப் படித்து ஒரு நாள் செய்து காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அக்கா சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டு நான்கு நாளும் திண்டுக்கல்லுக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார்.