மென்பாறையில் பதிந்த பைல்: கணக்கில் 4 மி.மீ., சோதனையில் 11 மி.மீ.

கேள்வி: செம்பூரில் வசிக்கிறேன்; மும்பையில் ஒரு கழிமுகப் பாலத்தின் அடித்தள வடிவமைப்பில் பணியாற்றுகிறேன். 1.2 மீட்டர் விட்டமுள்ள பைல் (துளையிட்டுக் கான்கிரீட்டால் வார்த்த அடித்தளத் தூண்), நீரையும் கடற்களிமண்ணையும் 18 மீட்டர் கடந்து, சிதைந்த டஃப் (எரிமலைச் சாம்பல் இறுகி உருவான) பாறைக்குள் 4 மீட்டர் பதிந்துள்ளது. துளையிட்டு எடுத்த பாறை உருளைகளான கோர் துண்டுகளின் அமுக்க வலிமை 4 மெகாபாஸ்கல், மீள்மைக் குணகம் (விறைப்பின் அளவு) 1,200 மெகாபாஸ்கல், ஆர்.க்யூ.டி. (உடையாமல் நீளமாக வந்த துண்டுகளின் பங்கு) 20 சதவீதம். மென்பொருள் 500 டன்னுக்கு 4 மி.மீ. அமிழ்வு காட்டியது, சுமைச் சோதனையில் 11 மி.மீ. இறங்கிவிட்டது. மாதிரியில் எதைத் திருத்த வேண்டும்?

பதில்: முதலில் பைலின் சொந்தச் சுருக்கத்தைப் பிரித்தெடுங்கள். எம் 35 தரக் கான்கிரீட்டின் குணகம் ஏறத்தாழ 30 ஜிகாபாஸ்கல் என்பதால், 500 டன் சுமையில் 18 மீட்டர் நீளம் மட்டுமே சுமார் 2.6 மி.மீ. சுருங்கும், பாறைக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்தால் 3 மி.மீ. எனக் கொள்ளலாம். அப்படியென்றால் பாறையின் பங்காக உங்கள் மாதிரி சொன்னது 1 மி.மீ.தான், களம் சொன்னதோ 8 மி.மீ. நான்கு, பதினொன்று என்று மேலோட்டமாக ஒப்பிடும்போது தெரிவதைவிட இந்த இடைவெளி மிகப் பெரியது.

இதன் வேர் கோர் பெட்டியில் இருக்கிறது. அமுக்கச் சோதனைக்குத் துண்டின் நீளம் விட்டத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு வேண்டும்; 54 மி.மீ. கோர் என்றால் ஏறத்தாழ 11 செ.மீ. ஆர்.க்யூ.டி. கணக்கில் சேர்வதும் 10 செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகளே. ஆக, நூறில் இருபது பங்காக உடையாமல் வந்த பாறையைத்தான் ஆய்வகம் சோதித்திருக்கிறது. நொறுங்கியும் கரைந்தும் போன எண்பது பங்கைப் பற்றி அந்த 1,200 ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து நீங்களே ஒருமுறை பாருங்கள்: விரிசல் முகங்களில் களிமண் படிந்திருக்கிறதா, ஈரத் துண்டை விரலால் அழுத்தினால் மாவாகிறதா என்பதை அறிக்கையின் அட்டவணை காட்டாது.

விரிசல்களையும் சேர்த்த முழுப் பாறைத்திரளின் குணகத்துக்கு, ஹோக், டீடெரிக்ஸ் இருவரும் 2006-இல் தந்த சூத்திரத்தைப் பயன்படுத்தலாம். ஜி.எஸ்.ஐ. (பாறைத்திரளின் விரிசல் நிலையைக் காட்டும் தரக் குறியீடு) மதிப்பு 35 என்று வைத்தால், அது கோர் குணகத்தில் ஒன்பதில் ஒரு பங்காக, சுமார் 135 மெகாபாஸ்கலாகக் குறையும், 1 மி.மீ. என்ற பாறைப் பங்கு 9 மி.மீ.யாக உயர்ந்து, சோதனையை நெருங்கிவிடும்.

ஆனால் எண் பொருந்திவிட்டதென்று அங்கேயே நின்றுவிடாதீர்கள். என் கவலையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பக்க உராய்வின் உச்சத்தை அமுக்க வலிமையின் வர்க்கமூலத்தோடு 0.2 முதல் 0.45 வரையிலான கெழுவைப் பெருக்கிக் கணிப்பது வழக்கம். துளைச்சுவர் வழவழப்பாக இருக்கலாம் என்று அஞ்சி 0.2 எடுத்தால், 15 சதுர மீட்டர் பரப்பில் கிடைப்பது ஏறத்தாழ 615 டன். 500 டன் ஏறியபோதே சுவர் தன் வலிமையில் ஐந்தில் நான்கு பங்கைச் செலவிட்டிருக்கக்கூடும். அதற்கு மேல் வரும் சுமையை அடிமுனைதான் ஏற்க வேண்டும். பக்க உராய்வு சில மி.மீ. நகர்விலேயே உச்சத்தைத் தொடும். அடிமுனை முழுமையாகத் தாங்கவோ விட்டத்தில் 5 சதவீதம், அதாவது 60 மி.மீ. அளவு இறங்க நேரிடலாம். ஒரே குணகம் கொண்ட மீள்மை மாதிரி இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. எனவே பக்கத்துக்கும் அடிமுனைக்கும் தனித்தனிச் சுமை-நகர்வு வளைவுகளைக் கொடுங்கள். பைலுக்கும் பாறைக்கும் இடையே வழுக்க அனுமதிக்கும் இடைமுகத்தை வையுங்கள்.

சோதனை வளைவை மறுபடி படியுங்கள். தொடக்கத்திலிருந்தே சீராகச் சரிந்து, சுமையை இறக்கியதும் பெரும்பகுதி மீண்டிருந்தால், குற்றம் பாறைக் குணகத்துடையது. முதலில் விறைப்பாக நின்று, நடுவில் சில மி.மீ. சட்டென இறங்கி, பிறகு மீண்டும் விறைத்திருந்தால், அடியில் சகதி தங்கியிருக்கிறது என்று சந்தேகியுங்கள். அதைக் குணகத்தைக் குறைத்துச் சரிக்கட்டுவது தவறு. டஃப் பாறை நீரில் விரைவாக இளகும் என்பதால், துளையிட்டபின் எத்தனை மணி நேரம் கழித்துக் கான்கிரீட் இட்டார்கள் என்பதையும் களப் பதிவேட்டில் பாருங்கள். இரவு முழுவதும் திறந்து கிடந்த துளையின் சுவரில் படியும் மெல்லிய களிப்படலம், உராய்வை வெகுவாகக் குறைத்துவிடும்.

அடுத்த சோதனைப் பைலில் பாறைப் பகுதியின் மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில் திரிபுமானிகளை (பைல் எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கும் கருவிகளை) பொருத்தக் கேளுங்கள். பக்கமும் அடியும் எவ்வளவு பங்கு ஏற்றன என்பதை அவை நேரடியாகப் பிரித்துக் காட்டும். 2009-இல் திறக்கப்பட்ட பாந்த்ரா-வோர்லி கடற்பாலத்தில் இதற்காகவே ஆஸ்டர்பெர்க் செல் (பைலுக்குள் பதித்து மேலும் கீழும் தள்ளும் ஜாக்கி) சோதனைகள் நடத்தப்பட்டன. செலவு கூடும் என்று மறுப்பார்கள்; ஆனாலும் கேளுங்கள். அதுவரை, மீதமுள்ள ஒவ்வொரு பைலிலும் கான்கிரீட்டுக்குச் சற்று முன்பு எடைகட்டிய நாடாவை இறக்கி ஆழத்தை அளந்து, துளையிட்டு முடித்த ஆழத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். வேறுபாடு தெரிந்தால் காற்றழுத்தத்தால் மறுபடி சுத்தம் செய்யாமல் கான்கிரீட் இட ஒப்புக்கொள்ளாதீர்கள்.