காருக்குள் புகை நாற்றம் வருவது ஏன்? எப்படிச் சரிசெய்வது?

எரிபொருள் எரிந்தபின் சைலன்சர் வழியே பின்புறம் வெளியேறும் கழிவுப் புகைதான் எக்ஸாஸ்ட். அது காருக்குள் வீசினால், ஒன்று வழியிலேயே கசிகிறது, இல்லையேல் வெளியே போனது திரும்பி வருகிறது.

பக்கத்தில் வேறு வண்டி இல்லாத இடத்தில், நின்றபடி இன்ஜின் ஓடும்போது நாற்றம் கூடினால் பானெட்டைத் திறந்து பாருங்கள். இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் கேஸ்கட் (புகை கசியாமல் இணைப்பை அடைக்கும் தகடு) போயிருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்கும்; சூடேறியதும் குறையும். இணைப்பில் கரியும் படிந்திருக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி கேஸ்கட்டை மாற்றிவிடுங்கள்.

ஓடும்போது மட்டும் வந்தால் டிக்கி ரப்பர்மேல்தான் எனக்குச் சந்தேகம். மண்சாலையில் போகும் பேருந்தின் பின்னால் புழுதி சுழன்று கடைசி சீட்டுக்கே வருமே, அதே கதை: வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகை அங்கேயே சுழல்கிறது, இடுக்கு கிடைத்தால் நுழைகிறது. ஒரு காகிதத்தை வைத்து டிக்கியை மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் சரியாகப் பிடிக்கவில்லை. டிக்கியைத் திறந்தபடி ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ஓட்டும்போது தலைவலியோ குமட்டலோ வந்தால் உடனே நிறுத்தி எல்லோரும் இறங்கிவிடுங்கள்.

நாற்றம் போனால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைத்துப் பலர் வாசனைப் புட்டி மாட்டுகிறார்கள்; ஆனால் அந்தப் புகையில் இருக்கும், ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.