தூணில் ஒரு வெண்பா

கேள்வி: வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணை பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் வடித்து, என் குறள் வெண்பாவைப் பீடத்தில் பொறிக்கிறேன். ‘கெ’, ‘கொ’ கலைந்து வருகின்றன. ஏன்?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: அருமையான முயற்சி, விட்டுவிடாதீர்கள். கொம்புக் குறியை (ெ) மெய்க்கு முன்னே நகர்த்தும் வேலையை பிளெண்டரின் எழுத்துக் கருவி சரியாகச் செய்வதில்லை. பாட்டை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, பாதையாக (path, எழுத்தின் வெளிக்கோட்டு வடிவம்) மாற்றி, எஸ்விஜி (SVG) என்ற கோட்டுப்படக் கோப்பாக உள்ளே கொண்டுவாருங்கள். மிகச் சிறிதாக வரும். பெரிதாக்கி, தடிமன் கொடுத்து, மெஷ் (முகங்களால் ஆன வலை வடிவம்) ஆக்கி, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றை வெட்டியெடுக்கும் பூலியன் கருவியால் பீடத்திலிருந்து கழியுங்கள். எழுத்தின் முகமும் கல்லின் முகமும் ஒரே தளத்தில் இருந்தால் பூலியன் சிதையும்; எழுத்தைச் சற்று வெளியே நீட்டி வையுங்கள். முப்பரிமாண அச்சுக்கு, அச்சுப்பொறியின் நாசில் (பொருளைப் பிழியும் முனை) 0.4 மி.மீ. என்றால் எழுத்துக்கோடு 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

வெண்பாவை முதலில் அலகிட்டு (சீர்களை அசைகளாகப் பிரித்து) பாருங்கள்: ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாக அமைய வேண்டும். பொறித்தபின் ஒரு சீர் மாறினாலும் கழித்தலை மறுபடி செய்ய வேண்டிவரும்.