இன்ஸ்ராவும் ரிக்ரொக்கும் இருக்கேக்க ஒன்லைன் ஃபேஷன் மகசின் வாசிச்சு என்ன பிரயோசனம்?

கேள்வி கேட்டவா, "எல்லா டிசைனும் ஃபோனுக்கே சும்மா வருது, பிறகேன் வோக், எல் எண்டு வெப்சைட் வெப்சைட்டாப் போய் வாசிக்கோணும், அதெல்லாம் இன்னும் ஏன் இருக்கு?" எண்டு போட்டிருக்கிறா. நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் சின்னதா ஒரு தையல்கடை வச்சிருக்கிறன், கூடுதலா கல்யாண பிளவுஸ் வேலை. அதால என்ர பதில் மெசினுக்கு முன்னால இருக்கிற ஆளின்ர பதில்தான், ஃபேஷன் படிச்ச ஆக்கள் வேற மாதிரிச் சொல்லுவினம்.

புதுசா என்ன வந்திருக்கு எண்டு பாக்கிறதுக்கு எண்டா மகசின் தேவையே இல்லை. அந்தக் காலம் முடிஞ்சுது. முந்தி பாரிஸிலயும் மிலானிலயும் ஷோ நடந்தா அங்க போன கடைக்காரரும் பத்திரிகைக்காரரும்தான் முழுசாப் பாப்பினம், மற்ற ஆக்களுக்குப் புத்தகம் அச்சாகி வரேக்க மாசக்கணக்காப் போயிடும். 2000 ஆம் ஆண்டு ஸ்ரைல் டொட் கொம் எண்டு வோக் கொம்பனிக்காரர் தொடங்கி ஷோ படங்களை நெற்றில போடத் தொடங்கின உடனயே அது மாறத் தொடங்கிட்டுது, இப்ப எண்டா முன்வரிசையில இருக்கிறவர் ஷோ முடிய முதலே லைவ் போட்டிடுவார். வேகத்தில மகசின் தோத்தாச்சு, அதில வாதாட ஒண்டுமில்லை.

எனக்கு அது வேணும் எண்டுறது வேற விசயத்துக்கு. கடைக்கு வாற பிள்ளையள் எல்லாம் ஸ்கிரீன்ஷொட்டோடதான் வருவினம், கனடாவில லண்டனில இருக்கிறவை வாட்சப்பில அனுப்புவினம். ரீலில இருக்கிறது முன்பக்கம் மட்டும், அதுவும் முதுகுப் பக்கம் கிளிப் குத்தி இழுத்துப் பிடிச்சு எடுத்த படம், அதைப் பாத்துட்டு "அக்கா, இதில ஒரு சுருக்கமும் இல்லையே, எனக்கு மட்டும் ஏன் கைக்குக் கீழ மடியுது?" எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது. இப்ப அதைவிடக் கொடுமை ஏஐ படம். போன ஆவணிக் கல்யாணம் ஒண்டுக்கு ஒரு பிள்ளை கொண்டுவந்த படத்தைப் பெரிசாக்கிப் பாத்தன், கையும் உடம்பும் சேருற இடத்தில தையலே இல்லை, ஆரி வேர்க் (கொக்கி ஊசியால போடுற எம்பிராய்டரி) கழுத்தில தொடங்கி அப்பிடியே கைக்குள்ள ஓடிப் போகுது, ஹுக் முன்னாலயும் இல்லைப் பின்னாலயும் இல்லை. உதைப் போடுறது எண்டா மேல வச்சு ஒட்டத்தான் வேணும். விளங்கப்படுத்தி அனுப்பவே அரைநாள் போட்டுது.

அந்த இடத்திலதான் வோக் ரன்வே மாதிரி ஒரு சைட் கை குடுக்குது. பழைய ஸ்ரைல் டொட் கொம்மின்ர இடத்துக்கு 2015 இல வந்தது அது. ஷோ ஷோவா, வருசம் வருசமா, ஒவ்வொரு உடுப்புக்கும் நம்பர் போட்டு அடுக்கி வச்சிருக்கிறாங்கள், கனக்க ஷோவுக்குக் கிட்ட எடுத்த படங்களும் இருக்கு. பெரிசாக்கினா டாட் (உடம்புக்கு அளவாப் பிடிச்சுத் தைக்கிற மடிப்பு) எங்க ஒளிச்சிருக்கு, கழுத்துக்குப் பைப்பிங்கோ (ஓரத்தில வச்சுத் தைக்கிற மெல்லிசுப் பட்டி) மடிச்சுத் தைச்சதோ, துணி நேர்வெட்டோ குறுக்குவெட்டோ எண்டு கண்ணுக்குத் தெரியும். 90களில நடந்த ஷோவும் கிடக்கு. இன்ஸ்ராவில போனமாசம் சேவ் பண்ணினதைத் தேடினா அக்கவுண்டே இல்லை, இல்லாட்டி ஆரோ ஆற்றையோ படத்தை எடுத்துப் பேர் போடாமப் போட்டிருப்பினம், முதல் தைச்சது ஆர் எண்டு தலைகீழா நிண்டாலும் பிடிக்கேலாது.

மற்றது எழுத்து. படம் பாக்கிறதோட நிக்கிறவைக்கு இது பெரிசாத் தெரியாது, ஆனா எனக்கு இதுதான் மெயின். 2025 ஆனி மாசம் மிலானில பிராடா எண்ட இத்தாலிக் கொம்பனியின்ர ஆம்பிளையளின்ர ஷோவில ஒரு தோல் செருப்பு வந்தது ஞாபகம் இருக்கோ, அச்சொட்டா இந்தியாவில கையால செய்யிற கோலாப்பூர்ச் செருப்பு, ஆனா அவையின்ர குறிப்பில வெறும் தோல் செருப்பு எண்டுதான் கிடந்தது, இந்தியா எண்டு ஒரு சொல் இல்லை. கத்தினது சோஷியல் மீடியாச் சனம்தான், அந்தப் பெருமையை அவைக்குக் குடுக்கத்தான் வேணும், பேந்து பிராடாவும் இந்தியக் கைவேலைச் செருப்பைப் பாத்துத்தான் செய்தது எண்டு ஒத்துக்கொண்டது. ஆனா ரீல்ஸ் கத்திப்போட்டு ரெண்டு நாளில அடுத்த சண்டைக்குப் போட்டுது. அந்தச் செருப்பை ஆர் செய்யினம், என்ன தோல், 2019 இல அதுக்கு புவிசார் குறியீடு (இந்தச் சாமான் இந்த ஊருக்குரியது எண்ட சட்ட அடையாளம்) கிடைச்சும் செய்யிறவைக்கு அதால என்ன வந்தது எண்டெல்லாம் இருந்து விசாரிச்சு எழுதினது பத்திரிகையும் மகசினும்தான். ஒண்டு மணி அடிச்சுது, மற்றது ஆளைப் போய்ப் பாத்தது. ரெண்டும் வேணும்.

எங்களுக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. இலங்கையின்ர ஏற்றுமதிச் சாமானில ஆகக்கூடின பங்கு உடுப்புத்தான், கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் ஃபக்டரி இருக்கு, எங்கட ஊர்ப் பிள்ளையள் விடிய பஸ் ஏறிப் போய்த் தைக்கிற உடுப்புத்தான் வெளிநாட்டுக் கடையில தொங்குது. 2025 சித்திரையில அமெரிக்கா இலங்கைக்கு 44 வீதம் வரி எண்டு அறிவிச்சு, பேந்து 30 எண்டு சொல்லி, அந்த வருசம் ஆவணியில 20 வீதத்துக்கு வந்தது. அந்த நேரம் என்ர இன்ஸ்ராவில முழுக்க "சம்மர் ஹோல்" வீடியோ, வாங்கின உடுப்பைப் பை பையாக் கொட்டிக் காட்டுகினம். அந்த வரியால எந்த நாட்டுத் தையல் வேலை எங்க போகும் எண்டு விளங்க பிஸ்னஸ் ஒஃப் ஃபேஷன் மாதிரி உடுப்பு வியாபாரச் செய்தி எழுதுற சைட்டுக்குத்தான் போகவேண்டி வந்தது. 2013 இல டாக்காவுக்குக் கிட்ட ராணா பிளாசா எண்ட தையல் ஃபக்டரிக் கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தவை, முதல்நாளே சுவர் வெடிச்சதைக் கண்டும் அடுத்தநாள் வேலைக்கு வரச் சொன்னவை. அதைப் பற்றி ஆராவது 30 செக்கன் வீடியோ போட்டா அழுகை வரும், சரி, ஆனா எந்தக் கொம்பனிக்கு அங்க தைச்சவை எண்டு தெரிய வாசிக்கத்தான் வேணும்.

அதுக்காக மகசின்காரர் எல்லாம் தங்கம் எண்டு நான் சொல்ல வரேல்லை. பாதிக்கு மேல கடை விளம்பரம்தான். "இந்த மாசம் கட்டாயம் வாங்கவேண்டிய வெள்ளைச் சேர்ட்" எண்டு தலைப்புப் போட்டு லிங்க் லிங்காக் குடுத்திருப்பினம், நாங்கள் அதால போய் வாங்கினா அவைக்குக் கொமிஷன், இன்ஃப்ளுவன்சர் செய்யிறதும் அதுதான், இவை இங்கிலீஸ் கொஞ்சம் வடிவா எழுதுகினம், அவ்வளவுதான் வித்தியாசம். விளம்பரம் தாற கொம்பனியின்ர ஷோவை மோசம் எண்டு எழுதினதை நான் கண்டது குறைவு. 2025 ஆவணி அமெரிக்க வோக்கில கெஸ் எண்ட உடுப்புக் கொம்பனியின்ர விளம்பரத்தில நிண்டது ஏஐயில செய்த பொம்பிளை, அதுவும் மூலையில பொடி எழுத்தில போட்டிருந்தவை, அதைப் பிடிச்சு நாறடிச்சதும் ரிக்ரொக் சனம்தான். ரீன் வோக் எண்டு இளம் பிள்ளையளுக்கு வோக் கொம்பனி நடத்தின ஒண்டு இருந்தது, 2017 இல அச்சை நிப்பாட்டினவை, ஆனா வெப்சைட்டில நல்லா அரசியல், தொழிலாளர் விசயம் எல்லாம் எழுதினவை, 2025 கார்த்திகையில அதையும் வோக்குக்குள்ள சேத்து ஆக்களையும் நிப்பாட்டிட்டினம். வாசிக்கக்கூடின பகுதியைத்தான் முதல்ல வெட்டுகினம், எனக்கு அதில சரியான கோவம்.

தமிழில எண்டா நிலைமை இன்னும் மோசம். நடிகை ஆர் என்ன விலைச் சாறி கட்டினா எண்டதைத் தாண்டி பெரிசா ஒண்டும் என்ர கண்ணில படேல்லை. எங்கட கஸ்தூரியார் வீதி நகைக்கடைப் பட்டறையில என்ன மாறியிருக்கு, சென்னையில இருந்து இறக்கிற பட்டு உண்மையில எந்தத் தறியில நெய்தது, இந்த வெயிலுக்கு ஏன் எல்லாரும் வெல்வெற் பிளவுஸ் கேக்கினம் (மிலானில அது குளிர்கால உடுப்பு மக்காள்) எண்டு ஆரும் உக்காந்து எழுதினா நான் காசு குடுத்து வாசிப்பன்.

காசு எண்டதும் ஞாபகம் வருது, கொமெண்டில ஒராள் சந்தா கட்டலாமோ எண்டு கேட்டிருக்கிறா. சும்மா ரசிச்சுப் பாக்கிறதுக்கு எண்டாத் தேவையில்லைத் தங்கச்சி, இன்ஸ்ரா போதும், ஃப்ரீயா வாறதே கனக்க. தைக்கிற, டிசைன் பண்ணுற, துணிக்கடை நடத்துற ஆள் எண்டா பிஸ்னஸ் பக்கம் எழுதுற ஒண்டுக்கு மட்டும் ரெண்டு மூண்டு பேர் சேந்து கட்டுங்கோ, ஒரு அக்கவுண்டை எத்தினை பேர் பாக்கலாம் எண்டதை மட்டும் முதலே பாத்துக்கொள்ளுங்கோ. ஷோ வழக்கமா புரட்டாசியிலயும் மாசியிலயும் நடக்கும், உடுப்பு கடைக்கு வர கிட்டத்தட்ட ஆறுமாசம் எடுக்கும், அதால புரட்டாசிப் படங்களை ஒருக்கா ஆறுதலாப் பாத்து வச்சா அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் பிள்ளையள் என்ன கழுத்தோட வந்து நிப்பினம் எண்டு ஓரளவுக்கு ஊகிக்கலாம். கலர் மட்டும் ஊகிக்கப் போகாதேங்கோ. 2025 இன்ர கலர் எண்டு பான்ரோன் (வருசா வருசம் ஒரு கலரைத் தெரிவு செய்யிற கொம்பனி) மண்ணிறத்தை அறிவிச்சவை, கடைக்கு வாற அம்மாமார் இன்னும் அரக்குச் சிவப்பிலதான் நிக்கினம்.