பந்து கிடந்த இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு நாற்பத்தாறு வயது. அலுவலகத்தில் முப்பது பேருக்குப் பொறுப்பு. சென்ற ஆண்டு டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது விளையாடச் சொன்னார். நண்பர் ஒருவர் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். இப்போது ஞாயிறு காலை என்றால் எனக்கு அங்கேதான். அந்த நான்கு மணி நேரம்தான் மூச்சுவிட முடிகிறது. ஸ்கோரைப் பற்றி, அதாவது எத்தனை குறைந்த அடிகளில் முடித்தேன் என்பதைப் பற்றி, அலட்டிக்கொள்வதில்லை. பந்து மோசமான இடத்தில் விழுந்தால் காலால் கொஞ்சம் நகர்த்திக்கொள்வேன். சரியாக வராத அடியை இன்னொரு தடவை அடித்துவிட்டு, அடிகளை எண்ணி எழுதும் கார்டில் ஒன்றுதான் எழுதுவேன். மன நிம்மதிக்காக ஆடுவதுதானே. ஆனால் வீட்டில், பொறுப்பிலிருந்து தப்பித்து ஓடுகிறேன் என்கிறார்கள். பணக்காரர் விளையாட்டு, தண்ணீரைக் குடிக்கும் புல்வெளி என்று மகள் கேலி செய்கிறாள். திங்கட்கிழமை காலையில் பழைய பாரம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. நான் செய்வது வெறும் தப்பித்தல்தானா?

கே.

அன்புள்ள கே,

சில வாரங்களாக என் நினைவில் சுற்றிக்கொண்டிருந்த ஒருவரை உங்கள் கடிதம் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ஆகவே உங்கள் கேள்வியை விட்டுவிட்டு அவரைப் பற்றியே எழுதப்போகிறேன் என்று தோன்றுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தப்பித்தலா என்றால், ஆமாம். அதில் என்ன குற்றம்? முப்பது பேரின் பிரச்சினைகளை வாரம் முழுக்கச் சுமக்கிற ஆள் ஒரு காலைப்பொழுது ஓடிப்போய் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும்தான். மகள் சொல்வது பெரும்பாலும் சரி. தண்ணீரும் நிலமும் நியாயமான கேள்விகள், அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். பணக்காரர் விளையாட்டு என்பதில் மட்டும் சின்னத் திருத்தம். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானம் பொது நிலம். ஞாயிறுகளில் பொதுவாக அங்கே ஆட்டமே கிடையாது, ஊர்க்காரர்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அதில் நடக்கிறார்கள். நீங்கள் அந்த ஊர்க்காரராக இருந்தால் உங்கள் ஞாயிறு போயே போயிருக்கும்.

சரி, அது கிடக்கட்டும். போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, காலால் நகர்த்திக்கொள்வேன் என்று. கடிதத்தில் என்னை எரிச்சல்படுத்தியது அதுதான்.

நான் சொல்லவந்த நண்பர் அறுவை மருத்துவர். என்னைவிட மிகவும் மூத்தவர், சமீபத்தில் காலமானார். நான் ஆடுவதில்லை. பேச்சுத்துணையாக அவரோடு மைதானத்தில் நடப்பேன், பேச்சு பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும். ஆஸ்பத்திரியைப் பற்றி அங்கே அவர் வாயே திறக்க மாட்டார். ஒருநாள் அவருடைய பந்து ஒரு மரத்தின் வேருக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. சுற்றிலும் யாருமில்லை. "கொஞ்சம் தள்ளிவைத்து அடியுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றேன். அதுவரை அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"மேஜையில் ஒருத்தர் இறந்துபோனால் அது என் கையாலா, நோயாலா, நேரம் தப்பி வந்ததாலா என்று ராத்திரி பூரா யோசிப்பேன். விடியும், விடை வராது. இங்கே இந்தப் பந்து இந்த வேரடியில் கிடக்கிறது என்றால் அது நான் அடித்த அடி. இது ஒன்றுதான் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது. இதையும் கெடுக்கச் சொல்கிறாயா?"

காற்று இருக்கிறது, மேடுபள்ளம் இருக்கிறது, எல்லாம் ஆடுபவன் கையில் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். அவருக்கும் தெரியும். ஆனால் கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் எதிராளி அனுப்பும் பந்துக்குத்தான் பதில் சொல்கிறோம். கோல்ஃபில் பந்து அசையாமல் கிடந்து உங்களுக்காகக் காத்திருக்கிறது. அவசரப்படுத்தியது இன்னார், மெயிலைத் தாமதமாக அனுப்பியது இன்னார் என்று கைகாட்ட ஆள் கிடையாது. அலுவலகத்தில் உங்களை அரிப்பது வேலையின் அளவு இல்லை என்பது என் ஊகம். எது உங்கள் தவறு, எது பிறர் தவறு என்று பிரிக்கவே முடியாத அந்தக் குழப்பம்தான் அரிக்கிறது. அது இல்லாத ஓர் இடம் தற்செயலாக உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே போயும் நீங்கள் கணக்கைத் திருத்துகிறீர்கள்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இல்லை, நினையுங்கள், கடுமையாகத்தான் சொல்கிறேன். கோல்ஃப் விதிகள் ஒன்றும் இரக்கமில்லாதவை அல்ல. பந்து அடிக்க முடியாத இடத்தில் கிடக்கிறது என்று ஆடுபவரே அறிவிக்கலாம். தண்ணீர்க் குட்டை போன்ற அபராதப் பகுதிகளைத் தவிர மைதானத்தில் எங்கு வேண்டுமானாலும் அந்த உரிமை உண்டு. அதைத் தீர்மானிக்க வேறு யாருக்கும் அதிகாரமில்லை. ஓர் அடியைக் கூடுதலாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, விதி அனுமதிக்கும் இடத்தில் பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடரலாம். அன்று அந்த வேரடியில் என் நண்பரும் அதைத்தான் செய்தார். தொலைந்த பந்தைத் தேட முன்பு 5 நிமிடம் கொடுத்தார்கள், 2019 முதல் 3 நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்ததுதான், அபராதத்தோடு வேறு பந்து. உங்கள் அலுவலகத்தில் எந்தத் தவறையாவது 3 நிமிடத்தில் கைகழுவ விடுகிறார்களா? இவ்வளவு தாராளமான சட்டத்தில் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று, எண்ணிக்கையை மாற்றாதே என்பது. அந்த ஒன்றைத்தான் நீங்கள் செய்ய மாட்டேன் என்கிறீர்கள்.

அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் கதையை மைதானத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். 1925 அமெரிக்க ஓப்பனில் நீண்ட புல்லில் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானபோது அது இம்மியளவு அசைந்தது. அவரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. அவரோ தன் கணக்கில் அபராதமாக ஓர் அடியை ஏற்றச் சொன்னார். கடைசியில் இன்னொருவரோடு ஸ்கோர் சமமாகி, வெற்றியைத் தீர்மானிக்க நடந்த கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். பாராட்ட வந்தவர்களிடம், பாங்கைக் கொள்ளையடிக்காததற்கும் பாராட்டுவீர்களா என்கிற மாதிரி கேட்டாராம். இதைச் சொல்பவர்கள் அவரை மகானாக்கிவிடுவார்கள். அதே ஜோன்ஸ்தான் 1921இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் மணல்குழியில் மாட்டிக்கொண்டு, போட்டியிலிருந்து பாதியிலேயே விலகியவர். 1930இல், 28 வயதில், உச்சத்தில் இருக்கும்போதே போட்டிகளிலிருந்து விலகியும் விட்டார். கோல்ஃப் ஆடினால் தானாக மனம் அடங்கிவிடும் என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு.

உங்கள் நான்கு மணி நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்விங் இரண்டு விநாடிகூட ஆகாது. நூறு அடி அடித்தாலும் மட்டை சுழலும் நேரம் சில நிமிடங்கள்தான். மிச்சமெல்லாம் நடை, காத்திருப்பு. அந்த நேரம் முழுக்க, நகர்த்திய பந்தும் எழுதாமல் விட்ட அடியும் கூடவே நடந்து வராதா? வருகிறது என்பதால்தான் எனக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் கேட்கவில்லையே!

எண்ணாமல் ஆடுவது வேறு, பொய்யாக எண்ணுவது வேறு. எண்ண வேண்டாமென்றால் கார்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சும்மா அடித்துவிட்டு நடந்து திரும்புங்கள், உடம்புக்கும் நல்லது, யாருக்கும் நஷ்டமில்லை. கார்டு வேண்டுமென்றால் பந்தைத் தொடாதீர்கள். மொத்த அடிகள் 130 வரட்டும், 140 வரட்டும், அப்படியே எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது நீங்கள் ஞாயிற்றுக்கிழமையும் அறிக்கை தயாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். மேலதிகாரிக்குக் காட்டும் அறிக்கையில் எண்களைத் தேய்த்து மெருகேற்றும் அதே கை. திங்கள் காலை பாரம் திரும்பி வருகிறது என்கிறீர்கள். அது எங்கே போயிருந்தது, திரும்பி வர?

மாத்திரை விஷயத்தில் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், மைதானத்தை நம்பி எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் சொல்வதற்கு நான் பதிலே சொல்லவில்லை, தெரிகிறது. வாரத்தில் வேறு எந்த நாளாவது நீங்கள் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் வீட்டில் விழித்திருக்கிறீர்களா என்று எழுதுங்கள். அதையும் மெருகேற்றாமல் எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்