கிருமாம்பாக்கம் வருவதற்குள் கிரெப்ஸ் சுழற்சி

கேள்வி: ஐயா, நான் கடலூர் முதுநகரில் பிளஸ் டூ படிக்கிறேன். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள பிரிவு. வாரத்தில் ஐந்து நாள் பள்ளி விட்டதும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு நீட் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு இரண்டு மணிநேரம், போக வர இரண்டு மணிநேரம். வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். பிறகு ஒரு மணிவரை விழித்துப் படிக்கிறேன். உயிரியல் பரவாயில்லை. இயற்பியலில் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் 180க்கு 30ஐச் சுற்றியே நிற்கிறேன். கணிதத்தைக் கைவிட்டால் நேரம் கிடைக்குமா? இன்னும் எத்தனை மணிநேரம் கூடுதலாகப் படிக்க வேண்டும்?

பதில்: கூடுதலாக ஒரு மணிநேரம்கூட வேண்டாம் அம்மா. இருக்கிற நேரம் எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம்.

ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணிநேரம். ஆக வாரத்துக்கு 20 மணிநேரம் வகுப்புக்கும் பஸ்ஸுக்கும் போகிறது. பள்ளியிலும் நாள் முழுக்கக் கேட்கிறாய், மாலையிலும் கேட்கிறாய். கேட்டதை உட்கார்ந்து சொந்தக் கையால் போட்டுப் பார்க்க உனக்கு மிஞ்சுவது, கண் சொக்கும் நடுராத்திரி. கேட்ட பாடம் புரிந்ததுபோல் இருக்கும். கரும்பலகையில் ஆசிரியர் கணக்குப் போடும்போது எல்லாருக்கும் புரியத்தான் செய்யும். முப்பது ஆண்டுகள் சாக்பீஸ் பிடித்தவன் சொல்கிறேன், அந்தப் புரிதலில் பாதி ஆசிரியருடையது.

எனவே என் முதல் யோசனை உன் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. ஐந்து நாள் வகுப்பை இரண்டு நாளாகக் குறைத்துக்கொள். இயற்பியலும், கணக்கு வரும் வேதியியலும் நடக்கும் நாள்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடு. உயிரியல் வகுப்பில் பெரும்பாலும் நடப்பது புத்தகத்தை ஒருவர் உரக்க வாசிப்பதுதான். அதை நீயே செய்யலாம். மூன்று நாள் விட்டால் வாரத்துக்கு 12 மணிநேரம் கைக்கு வரும். கட்டிய பணம் வீணாகிறதே என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். இந்த 20, 12 கணக்கைத் தாளில் எழுதிக் காட்டு. கூடவே இரவு ஒரு மணி விழிப்பு நிற்கும் என்றும் சொல். அம்மா உன் பக்கம் வந்துவிடுவார்.

இனி அந்த 30. இந்த மதிப்பெண் எனக்குப் பாதி நோயைச் சொல்கிறது, மீதியை உன் விடைத்தாள்தான் சொல்ல வேண்டும். இயற்பியலில் 45 கேள்விகள். சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. 45க்கும் விடை குறித்து 15 சரி, 30 தவறு என்றால் மதிப்பெண் 30. பத்து சரி, பத்து தவறு, 25ஐத் தொடவே இல்லை என்றாலும் அதே 30தான். மதிப்பெண் ஒன்று, நோய் இரண்டு. முதலாமவள் தெரிந்த பதினைந்தோடு நிறுத்தியிருந்தால் 60 வாங்கியிருப்பாள். அவளுக்குத் தேவை அடக்கம். இரண்டாமவளுக்குத் தேவை வேகமும் பழக்கமும். கடைசி மூன்று தேர்வுகளை எடுத்து நீ யார் என்று எண்ணிப் பார். தேர்வில் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: நான்கு விடைகளில் இரண்டையாவது காரணம் சொல்லி நீக்க முடிந்தால் குறி, முடியாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போ.

பழக்கம் என்றேன். இயற்பியலை நீ உயிரியல்போல வாசிக்கிறாய் என்பது என் சந்தேகம். தீர்த்துவைத்த கணக்கைக் கதைபோலப் படித்துவிட்டு, 'ஆமாம், சரிதான்' என்று பக்கத்தைத் திருப்புவது. சாய்தளத்தில் நழுவும் கட்டையைப் பற்றிக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் படம் வரையாமலே மனப்பாடமாக 'எம்ஜி சைன் தீட்டா' என்று எழுதுவார்கள். கோணத்தைச் செங்குத்திலிருந்து அளந்து கொடுத்தால் அத்தனை பேரும் விழுவார்கள். அதனால் தீர்வின் மேல் ஓர் அட்டையை வைத்து மூடு. படம் வரை, விசைகளைக் குறி, ஐந்து நிமிடம் முட்டிப் பார். வரவில்லையா? அட்டையை ஒரே ஒரு வரி இறக்கு. மறுபடி முயற்சி செய். இப்படி நாளுக்குப் பன்னிரண்டு கணக்கு போதும். எட்டு இப்போது நடக்கும் பாடத்திலிருந்து, நான்கு போன மாதம் முடித்ததிலிருந்து. அந்த நான்குதான் முக்கியம். நீட் தாளில் எந்தக் கேள்வி எந்தப் பாடம் என்று தலைப்புப் போட்டுத் தரமாட்டார்கள்.

இதை அதிகாலையில் செய். ஐந்து மணிக்கு எழுந்து ஆறே கால்வரை, தாளும் பேனாவுமாக. அப்படியென்றால் இரவு பத்தரைக்குள் படுத்தாக வேண்டும். படித்ததை மூளை பதிய வைப்பதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. நீ வெட்டியது அந்த நேரத்தைத்தான்.

கணிதத்தைக் கைவிடாதே. கைவிடவும் முடியாது, பொதுத்தேர்வில் தேறியாக வேண்டும். நூற்றுக்கு நூறு என்ற ஆசையை மட்டும் விடு. வகையிடலும் வெக்டரும் தெரியாமல் இயற்பியல் நகராது. வேதியியலில் முதல் வகை வினையின் வேகமாறிலிக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுக்கும் மடக்கை வேண்டும். இன்னொன்றும் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் 200 மதிப்பெண்ணில் கணிதம் மட்டுமே 100. மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். கதிர்காமம், அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று பதினேழு வயதுக் குழந்தையிடம் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் கருத்து.

வேதியியலை ஒரே பாடமாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அதற்குள் மூன்று இருக்கின்றன. இயற்பிய வேதியியல் காலைக் கணக்கோடு போகட்டும். கனிம வேதியியல் தினம் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கரிம வேதியியலுக்கு வினைகளின் பெயர்ப் பட்டியலை உருப்போடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கேள்வியைப் பிடி. ஆல்டிஹைடு, நீர்த்த காரம் என்று பார்த்தவுடன் 'ஆல்பா ஹைட்ரஜன் (கார்பனைல் கார்பனுக்கு அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன்) இருக்கிறதா?' என்று கேள். அசிட்டால்டிஹைடில் இருக்கிறது, ஆல்டால் குறுக்கம். ஃபார்மால்டிஹைடிலும் பென்சால்டிஹைடிலும் இல்லை. அடர் காரத்தில் கன்னிசாரோ வினை. ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது. காரம் பிடுங்க வேண்டியது அந்த ஹைட்ரஜனைத்தான். அது இல்லாதபோது ஹைட்ராக்சைடு நேராகக் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது.

உயிரியல் 'பரவாயில்லை' என்கிறாய். 720இல் 360 அதற்குத்தான், ஆகவே பரவாயில்லை போதாது. மாநிலப் பாடநூல், என்சிஇஆர்டி இரண்டையும் தனித்தனிப் படிப்பாக ஓட்டாதே. ஒரு பாடத்தை ஒரே நாளில் இரண்டிலும் படித்து, என்சிஇஆர்டியில் மட்டும் இருப்பதை மாநிலப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுது. ஐந்து நிறப் பேனாவால் கோடு போடுவது வேண்டாம். மாட்டுப் பொங்கல் கொம்புபோலப் புத்தகம் அழகாகும், அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் சிறுநீரகத்தின் நுண்ணலகான நெஃப்ரானை வரை. எந்தப் பகுதியில் எது மீள உறிஞ்சப்படுகிறது, ஏடிஎச் ஹார்மோன் எங்கே வேலை செய்கிறது, ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் எங்கே என்று எழுது. விடுபட்டதை மட்டும் மறுபடி படி. மறுநாள் ஒருமுறை, நான்காம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை அதே வெற்றுத்தாள்.

வகுப்புக்குப் போகிற இரண்டு நாளும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைக்கும், புத்தகம் விரிக்க முடியாது. விரிக்கவும் வேண்டாம். கன்னியக்கோயில் தாண்டியதும் செல் சுவாசத்தின் கிரெப்ஸ் சுழற்சியை மனத்துக்குள் சிட்ரேட்டில் தொடங்கு. கிருமாம்பாக்கம் வருவதற்குள் ஆக்சலோ அசிட்டேட்டில் முடித்துவிடு. எங்கே சிக்கினாயோ அதை இறங்கியதும் பார். தவளக்குப்பத்துக்கு மைட்டாசிஸ், அரியாங்குப்பத்துக்கு மியாசிஸ் என்று ஒரு மாணவன் வைத்திருந்தான். பாலத்தில் நெரிசல் என்றால் அவனுக்கு மகிழ்ச்சி, கூடுதலாக ஒரு பாடம் ஓடும்.

மாதிரித் தேர்வில் 180 கேள்விக்கு 180 நிமிடம். உயிரியலின் 90ஐ ஐம்பது நிமிடத்துக்குள் முடிக்கப் பழகினால், இயற்பியலுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் கிடைக்கும். தமிழில் எழுதுகிறாய் என்றால் ஒரு எச்சரிக்கை: மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி. ஆகவே கலைச்சொற்களை இரு மொழியிலும் தெரிந்துவைத்துக்கொள்.

செய்முறைப் பதிவேட்டைச் சனிக்கிழமை மதியத்தில் முடித்துவிடு. செய்முறைத் தேர்வுக்கு இருபது மதிப்பெண் இருக்கிறது, ஆனால் பதிவேட்டை இரவுகளைத் தின்ன விடாதே. ஞாயிறு மாலை புத்தகம் இல்லாமல் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வா.

பிழைகளுக்கென்று ஒரு நோட்டு போடு. மூன்றே பகுதி: தெரியாதது, தெரிந்தும் மறந்தது, 'தவறானது எது' என்பதை 'சரியானது எது' என்று அவசரத்தில் படித்தது. ஆறு வாரம் இப்படிச் செய்துவிட்டு, இயற்பியல் அப்போதும் 30இலேயே நின்றால், அந்த நோட்டின் இயற்பியல் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எந்தப் பகுதி நீளமாக இருக்கிறதோ அங்கிருந்து பேசுவோம்.