பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பது சிறுகுடலின் பிறவிக் குறைபாடாக இருக்குமா?

இருக்கலாம், பித்தம் கலந்த பச்சை வாந்தியை, வேறு காரணம் உறுதிப்படும்வரை, குடலடைப்பாகவே கருதி உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதற்குக் காரணமாகும் பிறவிக் குறைபாடுகளுள் மிகவும் அஞ்ச வேண்டியது, என் கருத்தில், குடல் சுழற்சிக் குறைபாடுதான். கருவின் 6ஆவது வாரமளவில் தொப்புள்கொடிக்குள் புடைத்து வளரும் குடல், 10ஆவது வாரமளவில் வயிற்றுக்குள் திரும்பி, மொத்தம் 270 பாகை சுழன்று, அகன்ற அடித்தளத்தில் நிலைகொள்ள வேண்டும். அச்சுழற்சி நடுவில் நின்றுவிட்டால், குறுகிய தண்டில் தொங்கும் சிறுகுடல் முறுக்கிக்கொண்டு, இரத்தவோட்டம் தடைபட்டு, சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கலாம். தொடக்கத்தில் வயிறு உப்பாமலே இருப்பதுதான் பலரையும் ஏமாற்றிவிடுகிறது.

சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலில் பிறவி அடைப்பு இருந்தால், எக்ஸ்ரே படத்தில் இரண்டு காற்றுக் குமிழ்கள் தெரியும். இக்குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு டவுன் நோய்க்குறியும் (21ஆவது குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவிநிலை) இருக்கக்கூடும். முன்சிறுகுடலுக்குக் கீழுள்ள குடல் துண்டுபட்டிருப்பது, பெரும்பாலும் கருவிலேயே அப்பகுதிக்கு இரத்தவோட்டம் நின்றதன் விளைவு. இம்மூன்றுக்கும் அறுவை சிகிச்சையே தீர்வு.